ஏழாவது மாடியிலிருந்து வந்த வாட்ச்மேன்

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று தாயி சொன்னாள். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். முழங்கால் ஒத்துழைத்தவரை நானும் உங்களைப் போல, வீடில்லாதவர்கள் ராத்திரி படுக்கிற அந்த ஷெல்டருக்கு வாலண்டியராக வந்துகொண்டிருந்தவள்தான். இப்போது மாட்டுங்காவில் என் வீட்டு மாடிப்படி இறங்குவதே பெரிய காரியமாகிவிட்டது. நேரில் வந்து பேச முடியாததால் எழுதி அனுப்புகிறேன். பாய் எங்கே அடுக்குவது, டீக்கு எவ்வளவு பால் வாங்குவது, மருந்துப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் தாயியே சொல்லித் தருவாள். அதற்கு நான் வேண்டாம்.

தாயி என்றால் மராத்தியில் அக்கா. ஷெல்டரை நடத்துகிறவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், ஆனாலும் நானும் அக்கா என்றே அழைத்தேன். என்னை அவள் திட்டிய திட்டுக்கு அந்த மரியாதை போதும். நீங்களும் திட்டு வாங்கப்போகிறீர்கள், இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், அவளுக்குப் பொய் சொல்ல வராது. கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து கேட்டாலும் சரி, அரிசி மூட்டை கொடுக்க வந்த சேட்டு கேட்டாலும் சரி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். 'கொஞ்சம் மழுப்பித்தான் சொன்னால் என்ன' என்று நாங்கள் முனகியிருக்கிறோம்.

முதலில் ஒரு சின்னக் கதை. நான் சேர்ந்த புதிதில் மாட்டுங்கா மாமிகள் நாலைந்து பேர் சேர்ந்து, ஷெல்டரில் படுக்கிறவர்களுக்கெல்லாம் புதுப் போர்வை வாங்கிக் கொடுத்தோம். பூப்போட்ட நல்ல போர்வை. மறுநாள் காலையில் எல்லாப் போர்வையும் அழகாக மடித்து வாசல் சுவர் மேல் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம். கொடுத்ததை மதிக்கத் தெரியவில்லையே என்று பொரிந்து தள்ளினேன். அங்கே படுக்கிற ஒருவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். கிழிந்த சட்டையும் புதுப் போர்வையுமாக ரோட்டில் போனால் போலீஸ்காரன் எங்கே திருடினாய் என்று கேட்பானாம். அதன் பிறகு பழைய போர்வைகளாகப் பார்த்துச் சேகரித்தோம். நாம் நல்லது என்று நினைப்பது அவர்கள் முதுகில் எப்படி விழும் என்று யோசிக்க எனக்கு அன்றுதான் தோன்றியது.

இனி சுடலைமுத்து கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவர் வந்தபோது அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நெடுநெடுவென்று உயரம். தினமும் முகச்சவரம் செய்து, காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வருவார். கையில் சாப்பாட்டு டப்பா இருக்கும். மற்றவர்கள் வரிசையில் நின்று எங்கள் கிச்சடியை வாங்கும்போது, அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். சோறு, புளிக்குழம்பு, ஒரு பொரியல். பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு பிடி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

காலேஜ் படித்துக்கொண்டே எங்களோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு இது உறுத்தியது. சுடச்சுட வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிறவர் எப்படி வீடில்லாதவர் ஆவார்? நேரே தாயியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. வெளியே இடமில்லாமல் எத்தனையோ பேர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தாயி அவரைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். வீடு இருக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டாள். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"கர் ஹை, தாயி. ஜகா நஹீ ஹை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இவளுக்காவது சரியாகப் புரியட்டும் என்பது போலத் தமிழில் சொன்னார். "வீடு இருக்கும்மா. எடந்தான் இல்ல."

தாராவியில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஒரு பேக் தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். தாராவியில் ஒரு கல்லியில், அதாவது சந்தில், அவருக்கு ஒரே ஒரு ரூம். அந்தக் கல்லிகளில் வீடு என்பது பெண்களும் குழந்தைகளும் படுப்பதற்கு. ஆண்கள் சாப்பிட்டு முடித்ததும் வாசலில் பலகையைப் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் படுத்தது வாசலில்தான். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. ராத்திரியானால் கல்லியே ஆண்களின் படுக்கையறை.

அப்புறம் அந்தக் கல்லியை இடித்தார்கள். செம்பூர் பக்கம் ஒரு பில்டிங்கில் ஏழாவது மாடியில் ஃப்ளாட் கிடைத்தது. குழாய் உண்டு, கக்கூஸ் உண்டு, லிஃப்ட் உண்டு. வாசல் மட்டும் இல்லை. மகன், மருமகள், இரண்டு பேத்திகள், இவர். பெரிய பேத்தி வயதுக்கு வந்ததும் இவர் பாயைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பக்கத்தில் பாசேஜில் போய்ப் படுத்தார். பக்கத்து ஃப்ளாட்காரர்கள் சண்டை போட்டார்கள். இது என்ன ஜோப்படப்பட்டியா, பாசேஜில் எல்லாம் படுக்க என்று கேட்டார்களாம். அவர்களும் போன வருஷம்வரை குடிசையில் இருந்தவர்கள்தான். மகன் அவர்களை அடிக்கக் கையை ஓங்கிவிட்டான்.

"நம்மால அவனுக்கு என்னத்துக்குப் பகை?" என்றார் சுடலைமுத்து. "முலுண்டுல ஒரு கம்பெனில நைட் வாட்ச்மேன் வேல கெடச்சிருக்குன்னு வீட்டுல சொல்லிட்டேன். காக்கிச் சட்டையும் வாங்கிட்டேன். எல்லாருக்கும் ஒரே சந்தோசம். மருமவ தெனமும் டப்பா கட்டிக் குடுக்கா."

காலையில் ஷெல்டரை விட்டுக் கிளம்பி மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு பூக்கடையில் தண்ணீர் தெளிப்பது, வாழைநார் கிழிப்பது என்று ஏதாவது செய்வார். அங்கே கிடைப்பதுதான் வீட்டில் சம்பளம். மத்தியானம் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

விதிப்படி பார்த்தால் தாயி அவரை அனுப்ப வேண்டும். கடைசியில், இருங்கள், ஆனால் கூட்டம் அதிகமாகி இடம் போதாத நாளில் ரோட்டில் கிடப்பவனுக்குத்தான் முதல் இடம் என்றாள். நியாயந்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் ஷெல்டரில் ஒரு ஆள் மாதிரியே ஆகிவிட்டார். கேட் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். குடித்துவிட்டு வருகிறவன் காக்கிச் சட்டையைக் கண்டதும் சட்டென்று மரியாதைக்காரனாகிவிடுவான். எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வரும். "என்ன, கம்பெனியில இன்னிக்குத் திருட்டு கிருட்டு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பேன். "எல்லாம் பத்திரமா இருக்கும்மா" என்பார் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்த வருஷம் மழை பிடித்த பிடியில் பாலத்தடியில் இருந்தவர்களை எல்லாம் கிளப்பிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் எங்கள் கேட்டில் ஒரே கூட்டம். காலில் சீழ் வைத்த ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே பாய்க்குப் பாய் ஒட்டிப் போட்டாகிவிட்டது, நடக்க வழியில்லை. தாயி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, யார் பெயரையும் சொல்லவில்லை. சுடலைமுத்துவே எழுந்து தன் பாயை அந்தக் கால்வலிக்காரருக்கு விரித்துப் போட்டார்.

"எனக்குத்தான் வீடு இருக்குல்லா. நான் போயிட்டு வாரேன்" என்றார்.

குடையும் டப்பாவுமாக அவர் போவதைப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. ஒருவராவது இன்றைக்கு வீட்டில் போய்ப் படுக்கிறாரே என்று நான் அந்தக் காலேஜ் பெண்ணிடம் சொன்னேன். வீட்டில் அவர் டியூட்டியில் இருப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த நேரத்தில் போய் எப்படிக் கதவைத் தட்டுவார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் வாயில் வீடு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் கவலை அதோடு நின்றுவிட்டது. இதை நான் உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? ஒருவர் வீட்டுக்குப் போகிறேன் என்றால், போய் எங்கே படுப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

மழை விடும்வரை ராத்திரியெல்லாம் அவர் பூக்கடை வாசல் பலகையிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் மட்டும் அல்ல, கூட்டம் குறைந்திருக்குமோ இல்லையோ என்று சந்தேகப்பட்டு அடுத்தடுத்த நாட்களும் எங்கள் பக்கம் வரவே இல்லை. திரும்பி வந்த சாயங்காலம் பற்கள் கிட்டித்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூச்சு இழுத்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிமோனியா என்றார்கள்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று தாயி சொன்னாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா கம்பெனிலேருந்து சேத்தாங்கன்னு சொல்லுங்கம்மா. எம்மவன் ரோஷக்காரன். அப்பன் எங்க படுத்தான்னு தெரிஞ்சா தாங்க மாட்டான். அந்தப் புள்ளையையும் ஏசுவான்."

அந்தப் புள்ளை என்றது மருமகளை.

போனை நான்தான் செய்தேன். மகன் எடுத்தான். உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னதும், நீங்கள் யார் என்று கேட்டான். பக்கத்தில் தாயி நிற்கிறாள். எதிரே கட்டிலில் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு யோசிக்க நேரமே இல்லை.

"கம்பெனியிலேர்ந்து பேசறேன்" என்றேன்.

முலுண்டு எங்கே, இந்த ஆஸ்பத்திரி எங்கே, அப்பா எப்படி இங்கே வந்தார் என்று அவன் கேட்டான். ஹெட் ஆபீஸ் வேலையாக இந்தப் பக்கம் வந்திருந்தார் என்று ஏதோ உளறினேன். பெரிய மனுஷி பொய் சொல்லும் லட்சணம் அது. போனை வைத்ததும் தாயி என்னைப் பிடித்துக்கொண்டாள். "க்யோன் ஜூட் போலா?" ஏன் பொய் சொன்னாய் என்று வராந்தாவிலேயே கத்தினாள். பெற்ற மகனுக்கு உண்மை தெரிய வேண்டாமா, தெரிந்தால்தானே ஏதாவது மாறும், இப்படி மூடி மூடி வைத்துத்தானே எல்லாக் கிழவர்களும் ரோட்டில் செத்துப் போகிறார்கள் என்றாள். அவர் கேட்டுக்கொண்டார், நான் சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் மகனும் மருமகளும் வந்தபோது வாயைத் திறக்காமல் மூலையில் நின்றாள்.

மகன் அப்பாவின் தலைமாட்டில் நின்று அழுதான். "இந்த வயசுல உனக்கு டூட்டி போதும்னு சொன்னம்லாப்பா." அவர் மூச்சிரைப்போடு சிரித்தார். "கம்பெனில நல்லாப் பாத்துக்கிடுதாங்கலே" என்றார். மருமகள் செல்வி அவர் காலை மட்டும் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

சில நாட்களில் அவர் போய்விட்டார்.

நானும் தாயியும் செம்பூருக்குப் போனோம். வழியில் ஒரு மாலை வாங்கினோம். அவரை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. லிஃப்டில் படுக்க வைத்து ஏற்ற முடியாது, ஏழு மாடி படியில் தூக்கினாலும் உள்ளே கிடத்தி நாலு பேர் சுற்றி உட்கார இடமில்லை. கீழே பைக்குகளை நகர்த்திவிட்டு, காம்பவுண்டில் ஒரு ஷாமியானா கட்டிக் கிடத்தியிருந்தார்கள். பாசேஜில் படுக்கக் கூடாது என்று சண்டை போட்டவர்கள்கூட வந்து நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் யாரோ, "கம்பெனிக்காரங்க வந்திருக்காங்க, எடம் குடுங்க" என்று குரல் கொடுத்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. எனக்கு அந்த வழியில் நடக்கவே கால் வரவில்லை.

மாலையைப் போட்டு முடித்ததும் மகன் எங்களிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. கையைக் கூப்பினான்.

"அப்பா உக்காந்து வேல பாத்த எடத்த ஒரு தடவ பாக்கணும் மேடம். முலுண்டுல எங்கன்னு சொல்லுங்க. காரியம் முடிஞ்சதும் வந்துட்டுப் போறேன். எம்புள்ளைகளையும் கூட்டிட்டு வந்து காட்டணும்."

போனில் ஒரு பொய் சொல்லலாம். பிணத்தை வைத்துக்கொண்டு, கை கூப்பி நிற்கிறவன் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. உண்மையையும் சொல்ல முடியவில்லை. செத்தவரிடம் கொடுத்த வாக்கு, இனி அவர் வந்து விடுவிக்கவா போகிறார்? நான் விழிப்பதைப் பார்த்து அவன் தாயியிடம் திரும்பி அதையே ஹிந்தியில் கேட்டான். தீர்ந்தது என்று நினைத்தேன். இவள் உடைத்துவிடுவாள்.

தாயி அவனை நேராகப் பார்த்தாள். அவர் எங்கள் கேட்டில்தான் உட்கார்ந்திருப்பார் என்றாள். அவர் இருந்தவரை உள்ளே படுத்திருந்த யாருக்கும் பயமில்லை என்றாள். அச்சா ஆத்மி தா, நல்ல மனுஷர் என்று இரண்டு முறை சொன்னாள். இடம் எங்கே என்பதற்குப் பதில் சொல்லவில்லை. முதலில் காரியத்தை முடி, பிறகு பேசலாம் என்று அவன் தோளைத் தட்டினாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே போனான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இருந்தாலும் கேட்டுக்கு வெளியே வந்ததும், மூக்கைச் சிந்திக்கொண்டு, இதெல்லாம் உன்னால்தான் என்று என்னைத் திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது செல்வி ஓடிவந்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தாயியை விட்டு என்னைத் தனியாகக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனாள்.

"எங்க வீட்டுக்காரர ஒங்க எடத்துக்கு வரவிடாம நான் பாத்துக்கிடுதேன். நீங்க கவலப்படாதீங்கம்மா" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"எனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழம மாட்டுங்கா கோயிலுக்கு வந்துட்டுத் திரும்பையில பாத்தேன். கிழிஞ்ச துணியும் பரட்டத் தலையுமா அத்தன பேரு வரிசைல நிக்காங்க. நடுவுல மாமா, காக்கிச் சட்டையோட. கேட்டத் தொறந்து உள்ள விடுத வரைக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வந்துட்டேன். மக்யா நாளும் டூட்டிக்குப் போறேன்னாங்க. பாத்துப் போயிட்டு வாங்க மாமான்னேன். தெனமும் அப்படித்தான் சொன்னேன்."

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவள் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொன்னாள்.

"தெரியும்னு சொன்னா வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்லாம்மா. கூட்டிட்டு வந்து எங்க படுக்க வைக்க?"

அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, நடுரோட்டில் அதையும் செய்யத் துணிச்சல் வரவில்லை. அதற்குள் எடுக்கப் போகிறார்கள் என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். நாலு அடி போனவள் திரும்பி வந்தாள்.

"மாமா நல்ல ஒசரம்லா. எங்க வீட்டுல ஒடம்பச் சுருட்டிக்கிட்டுத்தான் படுப்பாங்க. அங்க ஒங்க எடத்துலயாவது கால நீட்டிப் படுத்தாங்களா?"

"நன்னா நீட்டிண்டுதான் படுப்பார்" என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஷெல்டரில் எத்தனை வருஷம் வேலை பார்த்தேன்! டீ கொடுத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, பாயை எடுத்துக் கையில் கொடுத்ததும் எங்களுக்கு வேலை முடிந்துவிடும். மெகா சீரியலுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன். சுடலைமுத்து படுத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நீங்களாவது, எல்லோரும் படுத்து முடிக்கும்வரை இருந்து, ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.